மன்மோகன் சிங் மறைவும் குமரி மாவட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் 2024 டிசம்பர் 26, வியாழக்கிழமை இரவு தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் காலமானார். வயது 92. குமரி மாவட்டத்துக்கு அது சாதாரண நாள் அல்ல. அன்று காலையில்தான் கடற்கரை ஊர்களில் ஆழிப்பேரலையின் இருபதாவது நினைவு நாளுக்கு மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். முந்தைய நாள் கிறிஸ்துமஸ். அடுத்த சில நாள்களில் கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையின் வெள்ளிவிழா. துக்கமும் கொண்டாட்டமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்ததால் பலருக்கும் பல கேள்விகள் எழுந்தன. கல்லூரிப் பிள்ளைகள், வாசகசாலைக்கு வரும் பெரியவர்கள், கடைக்காரர்கள் என்று பலர் கேட்டவற்றை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். என் சொந்தக் கருத்து வரும் இடங்களில் அது கருத்து என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

ஏழு நாள் துக்கம் என்று அறிவித்தார்களே, அது யாருக்கெல்லாம் பொருந்தும்?

மத்திய அரசு டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஏழு நாள் அரசு துக்கம் அறிவித்தது. நடைமுறையில் அதற்கு இரண்டே அர்த்தம்தான். தேசியக் கொடி வழக்கமாகப் பறக்கும் கட்டடங்களில் அது அரைக்கம்பத்தில் பறக்கும். அரசு சார்பில் கேளிக்கை நிகழ்ச்சிகள் இருக்காது. உங்கள் வீட்டுக் கல்யாணம், பால்காய்ப்பு, கோவில் கொடை, பங்குத் திருவிழா எதற்கும் அதில் தடை இல்லை.

அரசு விடுமுறை ஏன் விடவில்லை?

பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவரோ பிரதமரோ இறந்தால்தான் மத்திய அரசு பொது விடுமுறை விடுவது வழக்கம். முன்னாள் தலைவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மன்மோகன் சிங்கின் இறுதிச் சடங்கு நடந்த டிசம்பர் 28 அன்று மத்திய அரசு அலுவலகங்களுக்கு அரை நாள் விடுப்பு தந்தார்கள். மாநிலங்கள் தனியாக முடிவெடுக்கலாம். கர்நாடகமும் தெலங்கானாவும் 27ஆம் தேதி விடுமுறை விட்டன. தமிழ்நாட்டில் அப்துல் கலாம் அடக்கத்தன்று, 2015 ஜூலை 30இல், விடுமுறை விட்டார்கள். வாஜ்பாய் மறைந்த மறுநாளும், 2018 ஆகஸ்ட் 17இல், விட்டார்கள். 2024 டிசம்பரில் பள்ளிகள் எப்படியும் அரையாண்டு விடுமுறையில் இருந்தன. அதனால் பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களையும் குடில் விளக்குகளையும் அணைத்திருக்க வேண்டாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அக்கறையோடுதான் கேட்டார்கள். வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கிறிஸ்தவர்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் மார்த்தாண்டத்திலிருந்து முட்டம் வரை எல்லாத் தெருவிலும் நட்சத்திரம் தொங்கும். அது அரசு நிகழ்ச்சி இல்லை, மக்களின் வழிபாடு. சில கோவில்களில் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியின் மன்றாட்டில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். என் பார்வையில் அதுவே நிறைவான மரியாதை.

துக்க நாள்களுக்குள்ளேயே கண்ணாடிப் பாலம் திறந்தது சரியா?

விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் டிசம்பர் 30 அன்று திறந்துவைத்தார். 2000 ஜனவரி 1இல் திறந்த சிலைக்கு அது வெள்ளிவிழாச் சமயம். நாளைத் தள்ளியிருக்கலாம் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலமைச்சர் 27ஆம் தேதியே தில்லி சென்று அஞ்சலி செலுத்திவிட்டு வந்திருந்தார். மக்கள் பயன்பாட்டுக்கான ஒன்றைத் திறப்பது மறைந்தவரை அவமதிப்பதாகாது. பொதுப் பணத்தின் கணக்கை வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஒருவரின் மறைவுக்காக, கட்டி முடித்த பாலத்தைப் பூட்டி வைப்பதில் பொருளும் இல்லை.

கொடியை அரைக்கம்பத்தில் ஏற்றும் முறை என்ன? எங்கள் சங்க அலுவலகத்தில் ஏற்றலாமா?

நேராகப் பாதிக் கம்பத்துக்கு ஏற்றக் கூடாது. முதலில் உச்சி வரை ஏற்றி, ஒரு நொடி நிறுத்தி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் முழுதாக இறக்க வேண்டும். அரைக்கம்பம் என்பது அரசு அறிவிப்பின்படி செய்வது. சங்கமோ கிளப்போ தானாக முடிவு செய்து தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் விட வேண்டாம். உங்கள் சங்கக் கொடியை எப்படி வேண்டுமானாலும் தாழ்த்துங்கள்.

இன்னொன்று. உள்ளூர்ப் பிரமுகர் இறந்தால் உடல்மேல் தேசியக் கொடி போர்த்தும் பழக்கம் அங்கங்கே இருக்கிறது. அரசு மரியாதை, ராணுவ மரியாதை, மத்தியத் துணை ராணுவ மரியாதை தவிர மற்ற இறுதிச் சடங்குகளில் அது கூடாது. போர்த்திய கொடியைக் குழிக்குள் இறக்கவும் கூடாது, சிதையில் எரிக்கவும் கூடாது.

கலாம் இறந்தபோது தெருத்தெருவாகப் படம் வைத்தார்கள். மன்மோகன் சிங்குக்கு ஏன் அந்த அளவு இல்லை?

கலாம் ராமேஸ்வரத்துக்காரர், தமிழில் பேசியவர், பள்ளிகளுக்கு நேரில் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்தவர். மன்மோகன் சிங்கின் தமிழ்க் குரலை நாம் கேட்டதே இல்லை. பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் காஹ் என்ற சிற்றூரில் பிறந்தவர். மேடையில் முழங்கும் பழக்கம் இல்லாதவர். மக்களவைத் தேர்தலில் ஒரே ஒரு முறை, 1999இல் தெற்கு தில்லியில் நின்று தோற்றவர். பிரதமராக இருந்த பத்தாண்டும் மாநிலங்களவை உறுப்பினர்தான். வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வராத மனிதரிடம் உறவு கொண்டாட ஊருக்கு வழி குறைவு.

ஆனால் தெருவில் படம் இல்லை என்பதால் துக்கமும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை தோவாளைப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் நூறு நாள் வேலைக்கு வந்திருந்த பெண்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பணித்தளப் பொறுப்பாளர் செல்போனில் செய்தியைக் காட்டினார். ஒரு வயதான அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "இந்த நீலத் தலைப்பா கெட்டின சாரா? இவருதானே நமக்க பேருல பேங்குல கணக்கு தொறக்க வச்சது?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "ஆமாக்கா, இவரு காலத்துலதான்" என்றார். அம்மா தூக்குவாளியை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அங்கே நான் பார்த்தது அவ்வளவுதான். எந்தக் கணக்கிலும் வராத அஞ்சலி அது.

சரி, அவருக்கும் இந்த மாவட்டத்துக்கும் அப்படி என்ன தொடர்பு?

நிறைய இருக்கிறது, ஆனால் எதிலும் அவர் பெயர் எழுதியிருக்காது.

முதலில் கடற்கரை. 2004 மே 22இல் பிரதமரானார். ஏழு மாதத்தில் ஆழிப்பேரலை வந்தது. கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கரை நெடுக நூற்றுக்கணக்கில் உயிர்கள் போயின. அப்போது வெளிநாட்டு அரசுகள் நிவாரணம் தர முன்வந்தன. இப்போதைக்கு எங்களால் சமாளிக்க முடியும், தேவைப்பட்டால் கேட்கிறோம் என்று அவருடைய அரசு சொன்னது. அது சரியா என்று இன்றும் விவாதிக்கலாம். அடுத்த ஆண்டே, 2005இல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007இல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2004இல் நம் கரைக்கு ஒரு நிமிட எச்சரிக்கைகூட வரவில்லை. இன்று எங்கோ சுமத்ராவில் கடலடி நிலநடுக்கம் என்றால் அந்த மையத்திலிருந்து தகவல் வருகிறது. கரையில் கட்டிய வீடுகளைப் பொறுத்தவரை ஒரே ஆளுக்குப் பெருமை தர முடியாது. மாநில அரசு, மத்திய அரசு, திருச்சபை, தொண்டு நிறுவனங்கள், உலக வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்துதான் அவை எழும்பின.

அடுத்து நூறு நாள் வேலை. சட்டம் 2005இல் வந்தது. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரல் 1 முதல் மீதி இருந்த ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தபோது குமரிக்கும் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைக் குளத்துக் கரையில் நடைமுறையில் காட்டியது அந்தத் திட்டம். வயல் வேலையில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கூலி வாங்கிப் பழகிய ஊர்களில் இது சின்ன மாற்றம் அல்ல.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டுத் தங்கள் ஊர்ச் சாலைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கேட்டவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம்.

மேற்கே போனால் ரப்பர். குலசேகரம், அருமனை, திற்பரப்பு பக்கம் பேச்சில் அவர் ஆட்சி என்றால் 2011 விலைதான் நினைவுக்கு வரும். ஷீட் விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டிய காலம் அது. நியாயமாகச் சொன்னால் அது உலகச் சந்தை தந்த விலை, ஆட்சி முடிந்த 2014இல் அது கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அந்த விலையில் வீடு கட்டியவர்கள் அவரை நன்றியோடு சொல்கிறார்கள். நன்றி எப்போதும் பொருளாதாரக் கணக்குப் பார்த்து வருவதில்லை.

1991 பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் வளைகுடா போய் வந்த குடும்பத்தினர். அப்போது நிதியமைச்சர் அவர்தான். அந்த ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பை இரண்டு கட்டமாகக் குறைத்தார்கள். அதே மாதம் 24ஆம் தேதி அந்தப் புகழ்பெற்ற நிதிநிலை அறிக்கை வந்தது. வெளிநாட்டிலிருந்து அனுப்பிய அதே திர்ஹாமுக்கு ஊரில் கூடுதல் ரூபாய் கிடைத்தது. இறக்குமதிப் பொருள்களின் விலை கூடியது என்பதும் உண்மை.

நாகர்கோவில் எம்.பி. அவருடைய ஆட்சியை ஆதரித்தாரா?

2004இல் நாகர்கோவிலில் வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.வி. பெல்லார்மின். இடதுசாரிகள் வெளியிலிருந்து தந்த ஆதரவில்தான் அந்த அரசு நான்கு ஆண்டு நின்றது. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து 2008 ஜூலையில் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். அதே மாதம் 22ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு பிழைத்தது. நூறு நாள் வேலை, தகவல் உரிமை இரண்டும் இடதுசாரிகள் கூட இருந்த காலத்தில் வந்தவை. எனவே நம் தொகுதியின் வாக்குக்கும் அதில் பங்கு உண்டு.

கடற்கரை ஊர்களில் சிலர் கோபமாகப் பேசினார்கள். இறந்தவர் மேல் என்ன கோபம்?

கூடங்குளம்தான். அணுமின் நிலையம் இருப்பது திருநெல்வேலி மாவட்டத்தில். ஆனால் அது கன்னியாகுமரிக்குப் பக்கம், கடலும் ஒரே கடல். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் விபத்து நடந்தது. அதே ஆண்டு இடிந்தகரையில் போராட்டம் வலுத்தது. குமரிக் கரை ஊர்கள் பலவும் துணை நின்றன. 2012 பிப்ரவரியில் மன்மோகன் சிங் ஒரு அறிவியல் இதழுக்குத் தந்த பேட்டியில், எதிர்ப்புக்குப் பின்னால் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். கரையில் அந்தப் பேச்சு ஆழமாகக் குத்தியது. தங்கள் பிள்ளைகளின் பயத்தைச் சொல்லிப் பட்டினி கிடந்தவர்களைப் பார்த்து வெளிநாட்டுப் பணம் என்றால் வலிக்காதா? 2012 செப்டம்பரில் இடிந்தகரைக் கடற்கரையில் போலீஸ் தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத் துரோக வழக்கு போட்டார்கள். 2013 ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அணுஉலை மத்திய அரசுடையது, அந்தப் பேட்டி பிரதமருடையது. வழக்குகளைப் போட்டது தமிழ்நாடு காவல்துறை, அது மாநில அரசின் கீழ் வருவது. இரண்டையும் ஒரே தலையில் ஏற்றுவது சரியாகாது. ஆனால் கோபமே தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொளச்சல் பக்கம் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு அம்மையிடம் அவர் இறந்த செய்தியைச் சொன்னேன். அருவாப்பெட்டியை இறக்கி வைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "நல்ல சாவு, பிராயமான சாவு. ஆண்டவரு பாத்துக்கிடட்டும்" என்றார். அப்புறம் அதே மூச்சில், "சுனாமிக்கப்புறம் நமக்கு ஒதவி வந்தது, இல்லன்னு சொல்லமாட்டேன். கூடங்குளத்துல நம்மள வெளிநாட்டுக்காரன் காசு வாங்குனவன்னு சொன்னதையும் மறக்கமாட்டேன். எழுதுதியானா ரெண்டையும் எழுது மக்கா" என்றார். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

செத்தவரைக் குறை பேசலாமா? துஷ்டி வீட்டில் பேசுகிற பேச்சா அது?

துஷ்டி வீட்டுக்குள் பேசக் கூடாது, சரிதான். அங்கே போவது அந்தக் குடும்பத்துக்காக. மனைவி, பிள்ளைகள் முன்னால் கணக்குப் பேசுவது நம் வழக்கமும் இல்லை, மனிதத்தன்மையும் இல்லை. இறுதிச் சடங்கு முடியும் வரை அவர்கள் கண்ணில் படும்படி வசை எழுதுவதும் அதைப் போலத்தான்.

ஆனால் நாட்டை ஆண்ட ஒருவரின் சாவு குடும்பத்துக்கு மட்டும் உரியதல்ல. அவர் எடுத்த முடிவுகளால் வாழ்ந்தவர்களும் உண்டு, அடிபட்டவர்களும் உண்டு. வாழ்ந்தவர்கள் புகழலாம், அடிபட்டவர்கள் வாயை மூட வேண்டும் என்றால் அது மரியாதை ஆகாது. அடியந்திரம் என்கிற பதினாறாம் நாள் சடங்கு முடிந்த பிறகுதான் பேச வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். உறவுமுறைக்கு அது பொருந்தும். பொதுவாழ்வில் ஒரு தலைவரைப் பற்றி நாடே பேசுவது அந்த ஒரு வாரம்தான். பதினாறாம் நாள் கேட்க ஆள் இருக்காது.

எனக்கு ஒப்பாதவை வேறு. உடம்பைக் கேலி செய்வது, மதத்தையும் தலைப்பாகையையும் கேலி செய்வது, சாவைக் கண்டு குதூகலிப்பது. இவற்றை விமர்சனம் என்று சொல்ல முடியாது. அந்த மீனவ அம்மை சிலுவையும் போட்டார், குறையையும் சொன்னார். இரண்டிலும் பொய் இல்லை.

உயிரோடு இருந்தபோது 'மௌனப் பிரதமர்' என்று கேலி செய்தவர்களே இறந்ததும் புகழ்ந்தார்களே?

சிலர் உண்மையிலேயே மனம் மாறியவர்கள். அவர்களைக் குத்திக்காட்ட வேண்டாம். 2014 ஜனவரியில் தன் கடைசிப் பெரிய செய்தியாளர் சந்திப்பில், இன்றைய ஊடகங்களையும் எதிர்க்கட்சிகளையும்விட வரலாறு தன்னிடம் கருணையோடு நடந்துகொள்ளும் என்ற பொருளில் அவரே சொன்னார். அவர் ஆட்சியின் இரண்டாம் பாதியை அலைக்கற்றை, நிலக்கரி ஒதுக்கீடு விவகாரங்கள் மூடியிருந்தன. அலைக்கற்றை வழக்கில் 2017 டிசம்பரில் குற்றம்சாட்டப்பட்டவர்களை விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. காலம் போகப் போகக் கணக்கு மாறுவது இயல்பு. புகழ்பவர்கள் அன்று தாங்கள் சொன்னதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

ஈழப் போரை மறந்துவிட்டுப் புகழ்வதா என்று இளைஞர்கள் கேட்கிறார்களே?

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது தில்லியில் ஆட்சி அவருடையது. தமிழர்களுக்கு அது ஆறாத காயம். அதைச் சொல்வது அவர்கள் உரிமை. இதில் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

குமரி மாவட்டம் உண்மையிலேயே ஒரு தேசியத் தலைவருக்காக அழுதது எப்போது?

பெரியவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: 1975 அக்டோபர் 2. காமராஜர் சென்னையில் காலமான நாள். பலருக்கும் மறந்துபோன ஒரு விஷயம், சாகும்போது அவர் நாகர்கோவிலின் மக்களவை உறுப்பினர். 1967இல் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றார். 1968 ஜூன் 1இல் மார்ஷல் நேசமணி இறந்ததால் நாகர்கோவில் காலியானது. 1969 ஜனவரி இடைத்தேர்தலில் இந்த மாவட்டம் அவரை ஜெயிக்க வைத்தது, 1971இலும் ஜெயிக்க வைத்தது. 'அப்பச்சி' என்று வீட்டுக் கிழவரைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்கள். 1956 நவம்பர் 1இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் முதலமைச்சர் அவர்தான்.

அவர் இறந்தது நெருக்கடி நிலைக் காலம். ஜூன் 25இல் அறிவித்த நெருக்கடி நிலையை அவர் ஏற்கவில்லை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. அதனால் அன்றைய நாளிதழ்களை மட்டும் வைத்து மக்களின் மனதை அளக்க முடியாது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த முக்கில் படம் வைத்து விளக்கேற்றினார்கள் என்பதெல்லாம் பெரியவர்களின் ஓர்மையில்தான் இருக்கிறது. இந்திரா காந்தியே இறுதிச் சடங்குக்கு வந்தார். தி.மு.க. அரசு முழு அரசு மரியாதையோடு கிண்டியில் தகனம் செய்ய ஏற்பாடு செய்தது. அரசியலில் எதிரெதிராக நின்றவர்கள் அவர்கள். பாரத ரத்னா மறு ஆண்டு, 1976இல், மறைவுக்குப் பின் வந்தது.

இந்தத் தொகுதி பதவியிலிருந்த உறுப்பினரை இழந்தது நேசமணியோடும் காமராஜரோடும் நிற்கவில்லை. கன்னியாகுமரி என்று பெயர் மாறிய பிறகு 2020 ஆகஸ்டில் எச். வசந்தகுமாரும் கொரோனாவால் இறந்தார்.

மன்மோகன் சிங்கின் அஸ்தி முக்கடலுக்கு வந்ததா?

வரவில்லை. டிசம்பர் 28 அன்று தில்லி நிகம்போத் காட் மயானத்தில் தகனம் நடந்தது. மறுநாள் குடும்பத்தினர் சீக்கிய முறைப்படி யமுனையில் அஸ்தியைக் கரைத்தார்கள். நினைவிடத்துக்கான இடம் பற்றி அப்போது தில்லியில் காங்கிரசுக்கும் பா.ஜ.க.வுக்கும் வாக்குவாதம் நடந்தது. சாவு வீட்டுப் பந்தல் பிரிக்கும் முன்பே அந்தச் சண்டை வேண்டியிருக்கவில்லை என்பது என் வருத்தம்.

கேள்வி எழுவதற்குக் காரணம் புரிகிறது. காந்தியின் அஸ்தி 1948 பிப்ரவரி 12இல் இங்கே கடலில் கரைக்கப்பட்டது. மக்கள் பார்வைக்கு வைத்திருந்த இடத்தில்தான் 1956இல் காந்தி மண்டபம் எழுந்தது. அவர் வயதைக் குறிக்கும்படி உயரம் 79 அடி. அக்டோபர் 2 அன்று நண்பகலில் கூரைத் துளை வழியாக வெயில் அந்தப் பீடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். காமராஜரின் அஸ்தி வைத்த இடத்தில் பக்கத்திலேயே மணிமண்டபம், 2000 அக்டோபர் 2இல் திறந்தது. காந்தி பிறந்த நாளே காமராஜர் இறந்த நாள் என்பதால் அன்று இரண்டு இடத்திலும் கூட்டம் இருக்கும்.

தலைவர் இறந்தால் கலவரம் வரும் என்று பயப்படுவது எதனால்?

1984தான். அக்டோபர் 31இல் இந்திரா காந்தியை அவருடைய சீக்கியக் காவலர்களே சுட்டுக் கொன்றார்கள். அடுத்த சில நாள்களில் தில்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசின் கணக்கே சொல்கிறது. அந்தச் சமூகத்திலிருந்து வந்த முதல் பிரதமர் மன்மோகன் சிங். 2005 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அவர் சீக்கியர்களிடம் மட்டுமல்லாமல் நாட்டு மக்கள் அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டார், வெட்கித் தலைகுனிவதாகச் சொன்னார். அவர் பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்து மனிதர். குற்றம் அவருடையதும் அல்ல. ஆனாலும் அரசின் தலைவராக நின்று கேட்டார். அவர் பேசியவற்றில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது அதுதான்.

1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. வதந்தி எவ்வளவு வேகமாகப் பரவும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இறப்புச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே பகிரலாமா?

மருத்துவமனை அறிக்கையோ அரசின் அறிவிப்போ வரும் வரை பொறுங்கள். 1979 மார்ச்சில் ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டார் என்று நாடாளுமன்றத்திலேயே அறிவித்துவிட்டார்கள். அவர் மும்பை மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அதே ஆண்டு அக்டோபரில்தான் காலமானார். நாடாளுமன்றமே தவறிய இடம் இது.

கடையை அடைக்கச் சொல்லி வந்து நின்றால் என்ன செய்வது?

மரியாதைக்காக நீங்களே ஒரு மணி நேரம் அடைத்தால் அது உங்கள் விருப்பம். கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. கட்டாயக் கடையடைப்பு அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 1997இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு உறுதி செய்தது. மிரட்டினால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். மன்மோகன் சிங் மறைவுக்கு வடசேரியிலோ மீனாட்சிபுரத்திலோ யாரும் கடைக்காரர்களைத் தொந்தரவு செய்ததாக என் காதுக்கு வரவில்லை.

கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க அனுமதி வேண்டுமா?

வேண்டும். மாநகராட்சியிலோ நகராட்சியிலோ ஊராட்சியிலோ முன்அனுமதி வாங்க வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னையில் சாலை நடுவே வைத்த பேனர் விழுந்து ஒரு இளம்பெண் இறந்ததை மறக்க வேண்டாம். ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி தனி. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் கூடாது.

எங்கள் வாசகசாலையில் இரங்கல் தீர்மானம் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?

ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். மறைந்த தேதி, வகித்த பொறுப்புகள் சரியாக இருக்கட்டும்: மன்மோகன் சிங் என்றால் 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி ஆளுநர், 1991 முதல் 1996 வரை நிதியமைச்சர், 2004 முதல் 2014 வரை பிரதமர். அதன் பிறகு உங்கள் ஊரை அவர் பணி தொட்ட இடத்தை ஒரே ஒரு வாக்கியமாவது எழுதுங்கள். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' எல்லோருக்கும் எழுதுவது, அது இல்லாமலும் தீர்மானம் நிற்கும். உறுப்பினர்களில் யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் கூட்டத்திலேயே பேச விட்டு, நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதியுங்கள். இரண்டு நிமிட மௌனத்துக்கு எழுந்து நிற்க முடியாத முதியவர்களை உட்கார்ந்தே இருக்கச் சொல்லுங்கள். தலைவரும் செயலரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் குடும்பத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம். முகவரி தெரியாவிட்டால் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் கொடுத்துச் சேர்க்கச் சொல்லலாம். இன்னொரு பிரதி உங்கள் கோப்பில் இருக்கட்டும்.